கடலில் விழுந்த கடைசிப் புள்ளி

இந்த எபிசோடைத் தருமபுரியில உட்கார்ந்து பதிவு பண்றேன். கடல் இல்லாத மாவட்டம். எங்க ஊர்ப் பக்கம் மீன்னா ஒகேனக்கல் மீன், படகுன்னா பரிசல். அப்படிப்பட்ட ஊர்ல இருந்து கிளம்பி, சேலத்துல ஒரு பஸ், மயிலாடுதுறையில ஒரு பஸ்னு மாறி, ஒரு பழைய மீனவ ஊரோட கரையில போன் திரையைப் பார்த்துக்கிட்டே நடந்த கதை இது. ஊர் தரங்கம்பாடி. நடந்தது ஒரு விளையாட்டுக்காக. அந்த விளையாட்டு கடைசியில என்னைக் கடலுக்குள்ள போகச் சொன்னதுதான் இன்றைய விஷயம்.

முதலில் விளையாட்டைச் சொல்லிடறேன். பெயர் ஜியோகேச்சிங். ஒருத்தர் ஒரு டப்பாவை எங்கேயாவது ஒளித்துவைத்து, அந்த இடத்தோட அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வெளியிடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் உதவியோட தேடிக் கண்டுபிடிக்கணும். உள்ளே ஒரு நோட்டு இருக்கும். பெயர் எழுதிட்டு, டப்பாவை எடுத்த இடத்திலேயே வைக்கணும். அவ்வளவுதான்.

இது ஆரம்பித்ததற்கு ஒரு தேதி இருக்கு. அதுவரைக்கும் அமெரிக்க ராணுவம், பொதுமக்களுக்குக் கிடைக்கிற ஜிபிஎஸ் சிக்னலை வேண்டுமென்றே கொஞ்சம் கலங்கலாக வைத்திருந்தது. நீங்க நிற்கிற இடத்தை நூறு மீட்டர் வரைக்கும் தள்ளிக் காட்டும். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தக் கலக்கத்தை நிறுத்தினார்கள். மே 3ஆம் தேதியே, ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியைக் காட்டோரமாகப் பாதி புதைத்துவைத்து, அதன் எண்களை இணையத்தில் போட்டார். சில நாட்களிலேயே ஆட்கள் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க லட்சக்கணக்கான டப்பாக்கள் இருக்கு.

ஆனா தருமபுரிக்காரங்களுக்கு இது புதுசு இல்லைன்னு நான் சொல்வேன். எங்க மாவட்டத்துல 13ஆம் நூற்றாண்டு மைல்கற்கள் கிடைத்திருக்கு. 'அதியமான் பெருவழி' என்று அந்தச் சாலையின் பெயரே கல்லில் இருக்கு. நாவல் தாவளம் என்ற இடத்துக்கு இன்னும் எத்தனை காதம் என்றும் வெட்டியிருக்கு. தாவளம் என்றால் வணிகர்கள் தங்கிச் செல்கிற இடம். காதம் என்பது பழைய தூர அளவு. ஒரு கல்லில் 29 காதம். இதில் எனக்குப் பிடித்த விஷயம், அந்தக் கல்லில் எழுத்துக்குப் பக்கத்திலேயே குழிகளும் இருக்கு. பெரிய குழி இரண்டு, சின்னக் குழி ஒன்பது. பெரியது பத்து, சின்னது ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத மாட்டுவண்டிக்காரர்கூட விரலால் தடவிப் பார்த்து, இன்னும் இருபத்தொன்பது என்று தெரிந்துகொள்ளலாம். இருட்டிலேயும் தெரிந்துகொள்ளலாம்.

இந்தக் குழிகளை ஞாபகத்தில் வச்சுக்கோங்க. கடைசியில திரும்ப வருவோம்.

ராஜா வீதியில் எண் பொறுக்கியது

இந்த நடைப் பயணத்தை எனக்காகத் தயார் பண்ணினது நாகப்பட்டினம் பக்கத்துத் தோழி ஒருத்தி. அவள் ஒரு விதி வைத்தாள். பழைய கட்டிடங்களில் டப்பா எதுவும் ஒளிக்கக் கூடாது. கல்லை நகர்த்தக் கூடாது, சுவரைச் சுரண்டக் கூடாது. அதனால நான்கு இடங்களுக்குப் போய் ஒவ்வொன்றிலும் ஓர் ஆண்டைக் கண்டுபிடிக்கணும். அந்த ஆண்டுகளின் இலக்கங்களை அவள் கொடுத்த சூத்திரத்தில் போட்டால் ஐந்தாவது புள்ளி கிடைக்கும். இப்படிப் பல இடம் போய் விடை சேர்க்கிற வகையும் ஜியோகேச்சிங்ல பழக்கமானதுதான்.

முதல் புள்ளி, ஊருக்குள்ள நுழைகிற நகர வாசல். வெள்ளையடித்த பெரிய வாசல், மேலே டென்மார்க் அரசரின் சின்னம். இப்போ நிற்கிற வாசல் 1792ல் கட்டியது. உள்ளே போனால் நேராகக் கடல் வரைக்கும் ஒரே வீதி, ராஜா வீதி. அங்கே ராஜா என்றால் தஞ்சாவூர் ராஜா இல்லை, டென்மார்க் ராஜா.

டென்மார்க் எப்படி இங்கே வந்தது? 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிளகு வாங்க ஐரோப்பாவே அலைந்துகொண்டிருந்தது. போர்த்துக்கீசியர் ஏற்கெனவே இந்தக் கரையில் இருந்தார்கள். அவர்களுக்குப் போட்டியாக இன்னொருவர் வந்தால் தனக்கு நல்லதுதான் என்று தஞ்சாவூர் மன்னர் ரகுநாத நாயக்கர் கணக்குப் போட்டார். 1620 நவம்பரில் ஓவ கெட என்ற டேனியத் தளபதியோடு ஒப்பந்தம் ஆனது. டேனிய அரசருக்கு நாயக்கர் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் கோபன்ஹேகனில் இன்றைக்கும் பத்திரமாக இருக்கு.

இரண்டாவது புள்ளி, 1701ல் கட்டிய சீயோன் தேவாலயம். மூன்றாவது, கிட்டத்திலேயே புது எருசலேம் தேவாலயம். அதன் முகப்பில் 1718 என்ற ஆண்டு இருக்கு. இதைக் கட்டியவர் சீகன்பால்கு. 1706 ஜூலை 9ஆம் தேதி இந்தக் கரையில் இறங்கியபோது அவருக்கு வயது 23. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. திண்ணைப் பள்ளி வாத்தியாரைத் தன் வீட்டுக்கே அழைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதிப் பழகினார். சில ஆண்டுகளில் அச்சு இயந்திரம் வந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வார்த்து வந்தன. 1715ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு இந்த ஊரிலேயே அச்சாகி முடிந்தது. மணலில் ஆரம்பித்து ஒன்பது வருஷத்தில் அச்சுப் புத்தகம். 1719ல் இறந்தார். அவர் கட்டிய அதே தேவாலயத்துக்குள் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

நான்காவது புள்ளி, வீதி முடிகிற இடத்தில் கடலைப் பார்த்து நிற்கிற டான்ஸ்போர்க் கோட்டை. விடை 1620. இப்போது தமிழ்நாடு தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் உள்ளே இருக்கு.

நான்கு எண்ணும் கையில் வந்துவிட்டது. கோட்டை மதில் நிழலில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வடக்கு 11 டிகிரி, கிழக்கு 79 டிகிரி, அப்புறம் நிமிடம், அதன் பின்னங்கள். போனில் போட்டேன். புள்ளி நீல நிறத்தில் விழுந்தது. கடலுக்குள்ள.

கரை நகர்ந்துவிட்டது

கணக்குத் தப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். இந்த அட்சரேகையில், தீர்க்கரேகையின் ஒரு நிமிடத்தில் பத்தில் ஒரு பங்கு தவறினாலே சுமார் 180 மீட்டர் தள்ளிப்போகும். ஓர் இலக்கம் பிசகினால் ஆள் கடலில்தான். வெயிலில் திரும்பவும் நகர வாசல் வரைக்கும் போய், ஒவ்வொரு ஆண்டாகச் சரிபார்த்து வந்தேன். அதே விடை. தோழிக்குப் போன் செய்தேன்.

"கணக்கு சரிதான். கோயில்கிட்ட போய் நில்லு, அப்புறம் பேசு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கோயில் என்றால் மாசிலாமணிநாதர் கோயில், கோட்டைக்கு வடக்கே, தண்ணீர் ஓரத்தில். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழும்பியது. அந்தக் காலத்துக் கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. குலசேகரப்பட்டினம் என்றும் ஒரு பெயர் உண்டு. அலைகள் பாடும் ஊர் என்று இன்றைக்குச் சுற்றுலாப் பலகைகள் சொல்கிற அர்த்தம் அழகாகத்தான் இருக்கு. ஆனா அந்தப் பழைய பெயரில் அலையும் இல்லை, பாட்டும் இல்லை.

இந்தக் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. ஒரே நாளில் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக. இப்போது பின்னால் புதுப்பித்துக் கட்டி, முன்னால் பாறைகளைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். கட்டினவர்கள் யாரும் கோயிலைக் கடலுக்குள் கட்டியிருக்க மாட்டார்கள். அப்போது கரை இன்னும் கிழக்கே இருந்தது. அன்றைக்கு யாராவது கோயில் வாசலுக்கு முன்னால் ஒரு டப்பாவைப் புதைத்து எண் குறித்திருந்தால், அதே எண் இன்றைக்கு அலைக்குள்ள இருக்கும். எண் நகராது. கரைதான் நகரும்.

இதுதான் விடை என்று நினைத்தேன். பாதிதான் சரி.

"எதையாச்சும் தொலைச்சுட்டீங்களா?"

கோயிலைத் தாண்டிப் படகுகள் ஏற்றிவைத்திருந்த மணலில், வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கேட்டார்: "என்னம்மா, ரொம்ப நேரமா போனும் கையுமா சுத்தறீங்க. எதையாச்சும் தொலைச்சுட்டீங்களா?"

எழுபது வயதைத் தாண்டியிருப்பார். விளையாட்டை விளக்கினேன். கடலுக்குள் விழுந்த புள்ளியையும் காட்டினேன். சிரித்தார்.

"நாங்க இதைத்தானே ஆயுசுக்கும் பண்ணிக்கிட்டிருக்கோம்."

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்றேன். கடலுக்கு அடியில் பார் இருக்கிற இடத்தில் மீன் கூடும். அது மேலேயிருந்து தெரியாது. ஒரு தடவை மீன் நன்றாகக் கிடைத்தால், உடனே திரும்பிக் கரையைப் பார்ப்பார்கள். ஒரு பக்கம், முன்னாலும் பின்னாலுமாக இரண்டு அடையாளங்கள் ஒரே நேர்கோட்டில் வரும். ஒரு கோபுரமும் அதற்குப் பின்னால் ஒரு பனையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பக்கம் பார்த்தால் இன்னொரு ஜோடி. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில்தான் படகு நிற்கிறது. அடுத்த தடவை வரும்போது அந்த இரண்டு ஜோடியும் சேருகிற வரைக்கும் படகை நகர்த்தினால் போதும். அப்புறம் குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்ப்பது, அடியில் சேறா மணலா பாறையா என்று பார்ப்பது. எழுதிவைக்க ஒரு காகிதம்கூட வேண்டாம்.

அட்சரேகை, தீர்க்கரேகை என்பதும் இரண்டு கோடுகள் வெட்டுகிற இடம்தானே?

அப்போதுதான் புரிந்தது. நான் காலையிலிருந்து இந்த ஊரைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நகர வாசல் வழியாக நுழைந்து, வீதியில் நடந்து, கடலில் முடித்தேன். ஆனா இந்த ஊருக்குக் கடல்தான் வாசல். கோட்டை, கோபுரம், பனை எல்லாமே அந்தப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டிய எழுத்துகள்.

இதற்கு இன்னொரு பெரிய சாட்சி தெற்கே நாகப்பட்டினத்தில் இருந்தது. சூடாமணி விகாரத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிற பௌத்தக் கோபுரம் ஒன்று 19ஆம் நூற்றாண்டு வரைக்கும் அங்கே நின்றது. வெள்ளைக்காரர்கள் சீன பகோடா என்பார்கள். உள்ளே வழிபாடு நின்று எவ்வளவோ காலம் ஆகியிருந்தாலும், கடலில் வருகிறவர்களுக்கு அதுதான் அடையாளம். 1867ல் அதை இடித்தார்கள். தரையில் நின்று பார்த்தவர்களுக்கு அது பாழடைந்த செங்கல் குவியல். கடலில் இருந்தவர்களுக்கு ஒரு கோடு அழிந்துபோனது.

கையெழுத்துப் போடாதவர்கள்

டேனியக் கதைக்குத் திரும்பி வருவோம். நாம் படிக்கிற வரலாற்றில் ஒரு கப்பல் வருகிறது, ஒரு தளபதி இறங்குகிறார், ஒப்பந்தம் ஆகிறது. ஆனா எப்படி இறங்கினார்? சோழமண்டலக் கரை முழுக்கவே அந்தக் காலத்தில் கப்பல் ஒட்டி நிற்கிற மாதிரி துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தள்ளி நங்கூரம் போடும். நடுவில் உடைகிற அலை. ஐரோப்பியப் படகு அதில் வந்தால் பிளந்துவிடும். ஆளும் சரக்கும் கரைக்கு வர, உள்ளூர்க் கட்டுமரமும், ஆணி இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகும்தான் வழி. தைத்த படகு அலை மோதும்போது வளைந்து கொடுக்கும், உடையாது. கட்டுமரம் என்ற சொல்லே ஆங்கிலத்துக்குப் போய் கேட்டமரான் ஆனது இந்தக் கரைகளிலிருந்துதான்.

அதாவது மீனவர்கள் துடுப்புப் போடாமல் டென்மார்க் இந்தக் கரையில் கால்வைத்திருக்க முடியாது. ஆனா ஒப்பந்தத்தில் இரண்டு பக்கமும் இருப்பது அரசர்களின் பெயர்கள். 225 வருஷம் கழித்து, 1845ல், டேனியர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்தின் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றார்கள். அந்த விற்பனைப் பத்திரத்திலும் அரசாங்கங்களின் கையெழுத்துதான். நோட்டில் எழுதினவர்கள் வந்தார்கள், போனார்கள். எழுதாதவர்கள் முன்னாலும் இருந்தார்கள், பின்னாலும் இருக்கிறார்கள்.

அவர்களைக் கரையிலிருந்து நகர்த்தியது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. 2004 டிசம்பர் 26. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தரங்கம்பாடி அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. இப்போது மயிலாடுதுறை மாவட்டம்.

அடுத்த வருஷம் மார்ச் 30ஆம் தேதி தமிழ்நாடு அரசு ஓர் ஆணை போட்டது, எண் 172. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இருந்தவர்கள், அதற்கு அப்பால் போக ஒப்புக்கொண்டால் ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்பில் இலவச வீடு. பழைய இடத்தை அரசுக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பழைய இடத்திலேயே இருக்க விரும்பினால் வீட்டைச் சரிசெய்துகொள்ளலாம், ஆனால் அரசு உதவி கிடையாது.

இதை யாரும் கெட்ட எண்ணத்தில் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அலை எடுத்த பிள்ளைகளைப் புதைத்தவர்களுக்கு உள்ளே தள்ளி ஒரு வீடு வேண்டும் என்று தோன்றுவதும் நியாயம். பெரியவரும் அதைத்தான் சொன்னார். "வீட்டுக்காரம்மா இங்க தூங்க மாட்டேன்னுட்டா. போயிட்டோம். வீடு நல்லாத்தான் இருக்கு."

கொஞ்ச நேரம் வலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "ஆனா காலையில எந்திரிச்சதும் கடல் எப்படி இருக்குன்னு வாசல்ல நின்னு பார்க்க முடியாது. இப்ப நடந்து வந்து பார்க்கணும். பசங்க பார்க்கறதில்ல, போன்ல பார்த்துக்கறானுங்க."

தண்ணீரின் நிறம், நீரோட்டம், பறவை எங்கே இறங்குகிறது, இதெல்லாம் சின்ன வயதில் வாசலில் நின்றே கற்றுக்கொள்கிற பாடம். 200 மீட்டர் என்பது நமக்கு இரண்டு நிமிட நடை. அவர்களுக்கு அது ஒரு பள்ளிக்கூடம் தள்ளிப்போன தூரம்.

இப்போது படகுகளில் ஜிபிஎஸ் இருக்கு. பார் இருக்கிற இடத்தைப் பட்டன் அழுத்திச் சேமித்துவைக்கலாம். பெரியவர் அதைக் குறை சொல்லவில்லை, அவர் வீட்டுப் படகிலும் இருக்காம். "மூடுபனியில அதுதான் சோறு போடுது" என்றார். ஆனால் கரையைத் திரும்பிப் பார்க்கிற பழக்கம் போய்க்கொண்டிருக்கு. பார்க்காத ஊரில் எந்தக் கோபுரம் மறைந்தாலும், எந்தப் பனையை வெட்டினாலும் யாருக்கும் எதுவும் தொலைந்த மாதிரி தெரியாது.

நோட்டில் என்ன எழுதுவது

டப்பா எங்கே என்று கேட்பீங்க. பெரியவரிடம்தான் இருந்தது! தோழி முதல் நாளே கொடுத்து வைத்திருக்கிறாள். கடலுக்குள் விழும் புள்ளியைக் காட்டி யாராவது கேட்டால் மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறாள். பழைய ஜாமெட்ரி பாக்ஸ், உள்ளே ஒரு சின்ன நோட்டு, பென்சில்.

ஆர்வக்கோளாறில் நான் கேட்டுவிட்டேன்: "ஐயா, உங்க இடத்தோட அடையாளம் ரெண்டு சொல்லுங்களேன், இதுல எழுதி வைக்கறேன்."

"அதைச் சொல்லிட்டு நான் எங்கம்மா போய் மீன் பிடிக்கறது?"

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். நானும்தான். முறையைச் சொல்வார், இடத்தைச் சொல்ல மாட்டார். அப்பா மகனுக்குச் சொல்வது அது. ஜியோகேச்சிங்கில் எண்ணை உலகத்துக்கே சொல்லிவிட்டு டப்பாவை ஒளிக்கிறோம். இவர்கள் அடையாளத்தை ஊர் நடுவிலேயே எல்லார் கண்ணுக்கும் நிறுத்திவிட்டு, எண்ணை ஒளிக்கிறார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்கின பிறகுதான் எனக்கு உறைத்தது. இந்த மக்களின் வரலாறு எழுதப்படாமல் போனதற்கு, எழுதினவர்கள் கண்டுகொள்ளாதது ஒரு காரணம். எழுதுவதற்காக உருவாகாத அறிவு என்பது இன்னொரு காரணம். அது பாதுகாப்பாக இருந்தது, கேட்டு வாங்கிக்கொள்ள மகன் இருந்தவரைக்கும். "உங்க மகனுக்குச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன். மகன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறாராம். பேரன் கல்லூரியில். அவர் பதில் சொல்லவில்லை. வலையின் கிழிசலைத் தேடி எடுத்துத் திரும்பவும் பின்ன ஆரம்பித்துவிட்டார்.

ஊருக்கு வந்த பிறகு அந்தக் குழிக் கல்லைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். 13ஆம் நூற்றாண்டில் யாரோ ஒருவர், எழுத்து தெரியாதவரும் இந்தச் சாலையில் வருவார் என்று நினைத்து, உளியை எடுத்துக் கூடுதலாகப் பதினொரு குழி வெட்டியிருக்கிறார். அரைநாள் வேலை இருக்குமா? அந்த அரைநாளால்தான் அந்தச் சாலையில் போன எல்லாரும் அந்தக் கல்லுக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். கடற்கரையில் அந்த மாதிரி நாம் எதையும் வெட்டி வைக்கவில்லை. வெட்டி வைத்ததெல்லாம் வீதியிலிருந்து வருகிறவர்களுக்கு.

அதனால ஒரு வேண்டுகோள். இதைக் கேட்கிற உங்களில் யாருக்காவது கடல் வேலை பார்த்த தாத்தாவோ பெரியப்பாவோ இருந்தால், இந்த வாரம் ஒரு தடவை போன் பண்ணுங்க. முடிந்தால் கரைக்கே கூட்டிக்கொண்டு போய், கடலுக்கு முதுகு காட்டி நிற்கவைத்து, எது எதைச் சேர்த்துப் பார்ப்பார் என்று கேளுங்க. அவர் சம்மதித்தால் பதிவு பண்ணுங்க. வெளியே போடாதீங்க. அது உங்க வீட்டுச் சொத்து, உங்களுக்குள்ளேயே இருக்கட்டும். ஆனா இருக்கட்டும்.

நோட்டில் நான் என்ன எழுதினேன்னா, தேதி போட்டு, 'தருமபுரியிலிருந்து' என்று எழுதினேன். கீழே இரண்டு பெரிய வட்டம், ஒன்பது சின்ன வட்டம். பெரியவர் எட்டிப் பார்த்து, "இது என்ன கணக்கு?" என்று கேட்டார். கல்லைப் பற்றிச் சொன்னேன். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இருபத்தொன்பது" என்றார்.